ஒரே வரிசையில் மூன்று பேர்

கட்டுநாயக்கா விமான நிலையத்தில் கவுண்டரில் இருந்த பெண் மூன்று போர்டிங் பாஸ்களையும் நீட்டியபோது, எமிலியானுஸ் அவற்றைத் திருப்பித் திருப்பிப் பார்த்தான். மூன்றிலும் மூன்று வேறு வரிசைகள் இருந்தன.

"மிஸ், இது மூண்டும் வேற வேற இடமாக் கிடக்கு. நாங்கள் ஒண்டாப் போறம். என்ர மகன், இவனுக்கு அஞ்சு வயசு."

அவளுக்குத் தமிழ் கொஞ்சம்தான் விளங்கியது. அவனுக்கும் சிங்களம் கொஞ்சம்தான் வரும். டிக்கெட் எடுக்கும்போதே காசு கட்டி இருக்கைகளைத் தெரிவு செய்திருக்க வேண்டும் என்றும், மலிவு விமானங்களில் அதுதான் வழக்கம் என்றும், இப்போது விமானம் நிறைந்துவிட்டது என்றும் அவள் சொன்னாள். கணினியைக் கொஞ்ச நேரம் தட்டிவிட்டு, இரண்டு இருக்கைகளைப் பக்கத்தில் பக்கத்தில் மாற்றித் தந்தாள். மூன்றாவது ஏலாது. ஏறிய பிறகு யாரையாவது கேட்டுப் பார்க்கச் சொன்னாள்.

டிக்கெட் எடுத்தவள் அவன் மனைவி லோஜனா. சார்ஜாவில் ஓர் ஆஸ்பத்திரியில் தாதியாக இருந்தாள். நெடுந்தீவை விட்டு அவள் போய் ஐந்து வருடம். இருவருக்கும் இடையில் சண்டை என்று ஒன்றும் நடக்கவில்லை. ஆனால் தொலைபேசியில் பேச்சு வரவரக் குறைந்து, பிள்ளைகளின் காய்ச்சலும் பள்ளிக்கூடமும் மட்டும் மிஞ்சியிருந்தன. போன மாதம் அங்கே பிள்ளைகளுக்குப் பள்ளிக்கூடம் கிடைத்துவிட்டது என்று சொல்லி, "கொண்டுவந்து விடுங்கோ" என்றாள். அவனுக்கு ஒரு கிழமைக்கு, ஏழே நாளுக்கு, விசா அனுப்பியிருந்தாள். நீங்களும் வந்து இருங்கோ என்று அவள் சொல்லவில்லை. அவனும் கேட்கவில்லை.

ஆகவே பிள்ளைகளோடு அவனுக்கு மிஞ்சியிருந்தது இந்தப் பயணம்தான். போய் இறங்கினால் அவர்கள் தாயின் பிள்ளைகள். விமானத்தில் இரண்டு பேருக்கும் நடுவில் இருந்துகொண்டு போகலாம் என்று குறிகட்டுவான் துறையில் படகை விட்டு இறங்கியதிலிருந்து அவன் நினைத்துக்கொண்டு வந்திருந்தான்.

"நான் தனிய இருப்பன் அப்பா. நீங்கள் தம்பியோட இருங்கோ" என்றாள் நிலுஜா. அவளுக்குப் பதினொரு வயது.

விமானத்துக்குள் அவளுடைய இடம் முன்பக்கத்தில் ஒரு நடு இருக்கையாக இருந்தது. யன்னல் பக்கம் ஒரு பெண் முக்காட்டை முகத்துக்கு மேலே இழுத்துவிட்டுத் தூங்கிக்கொண்டிருந்தாள். ஓரத்தில் இருந்த இளைஞனிடம் எமிலியானுஸ் முதலில், தெரிந்த சிங்களத்தில், பின்னுக்கு மாறி இருக்க முடியுமா என்று கேட்டான். இளைஞன் காதிலிருந்ததைக் கழற்றிவிட்டு, தான் இந்த இடத்துக்கென்று தனியாகக் காசு கட்டியதாக மரியாதையாகவே சொன்னான். அதற்குமேல் என்ன கேட்பது? பின்னால் சனம் நெருக்கியது. அவன் சின்னவன் டிலானைத் தூக்கிக்கொண்டு வால் பக்கமாகப் போனான்.

அங்கிருந்து பார்த்தால் நிலுஜாவின் தலைகூடத் தெரியவில்லை. விமானம் மேலெழும்பும்போது டிலான் தகப்பனின் கையை இறுக்கிப் பிடித்தான்.

"அக்காக்குப் பயமா இருக்குமோ?"

"இல்லை. அவள் பெரிய பிள்ளை."

சொல்லி முடித்த பிறகு அவனுக்கே அது சரியாகப் படவில்லை. டிலான் கொஞ்ச நேரம் மேகத்தைப் பார்த்துக்கொண்டிருந்துவிட்டு அவன் தோளிலேயே தூங்கிப்போனான். இருக்கைப் பட்டி கட்டச் சொல்லும் விளக்கு அணைந்ததும் எமிலியானுஸ் பிள்ளையை மெதுவாகச் சரித்துவிட்டு, எழும்பி முன்னுக்குப் போனான்.

நிலுஜா அழுதுகொண்டிருந்தாள். சத்தம் வராமல், சட்டைக் கையை வாயில் வைத்துக் கடித்துக்கொண்டு அழுதாள். தகப்பனைக் கண்டதும் அவசரமாக முகத்தைத் துடைத்தாள்.

"ஒண்டுமில்லை அப்பா. காது அடைக்குது."

அவன் நடைபாதையில் குந்தி இருந்தான். பணிப்பெண் வந்து, இங்கே இருக்க முடியாது, இருக்கைக்குப் போங்கள் என்று சொன்னாள். அவன் எழும்பவும் முடியாமல் இருக்கவும் முடியாமல் தடுமாறியபோது, யன்னல் பக்கத்துப் பெண் முக்காட்டை விலக்கினாள். அவள் தூங்கவே இல்லைப்போல. அவளுடைய கண்களும் சிவந்திருந்தன.

"இது உங்கட மகளா?"

"ஓம் அக்கா. நான் பின்னுக்கு. சின்னவனும் அங்க."

"இந்தப் புள்ள ஏறினதுல இருந்து அழுவுது. நான் கேட்டா ஒண்டும் இல்லங்குது." அவள் ஓரத்து இளைஞனின் பக்கம் திரும்பிச் சிங்களத்தில் ஏதோ சொன்னாள். குரலை உயர்த்தவில்லை. ஆனால் இளைஞன் முகம் மாறி, பையை எடுத்துக்கொண்டு எழும்பிவிட்டான்.

"நானும் அவரும் பின்னுக்குப் போறம். நீங்க மூணு பேரும் இங்க இரிங்க" என்றாள். தனக்கும் மூதூரில் மூன்று பிள்ளைகள் என்றும், அவர்களை விட்டுவிட்டு அங்கே ஒரு வீட்டில் வேலைக்குத் திரும்பிப் போவதாகவும் எழும்பி வரும்போது சொன்னாள். அவன் ஒதுங்கி அவளுக்கு வழி விட்டுத் தலையை ஆட்டினான்.

தூங்கும் டிலானைத் தூக்கி வந்து யன்னல் பக்கம் வைத்துப் பட்டி கட்டிவிட்டு, அவன் நடுவில் இருந்தான். நிலுஜா அவன் கைக்குள் தலையைச் செருகினாள்.

"அப்பா."

"ம்."

"நான் அம்மாட்டப் போறன் எண்டு சொன்னது, தம்பி தனியப் போகமாட்டான் எண்டுதான்."

அப்ப என்னோட திரும்பி வா. அந்தச் சொல் அவன் தொண்டை வரைக்கும் வந்துவிட்டது. சொன்னால் அவள் வருவாள். லோஜனா கோபிப்பாள், பிறகு விட்டுவிடுவாள். வீட்டில் விளக்கு எரியும், கதைக்க ஆள் இருக்கும். அவன் அவளுடைய கையைப் பார்த்தான். பெருவிரலில் அரிவாளில் வெட்டுப்பட்ட தழும்பு இருந்தது. அவன் கடலுக்குப் போன நாட்களில் தம்பிக்குச் சோறு கொடுத்ததும், மாட்டை அவிழ்த்துக் கட்டியதும் அவள்தான். போன வருடம் பள்ளிக்கூடத்துக்குப் போகாத நாட்கள் அவளுக்கு நிறைய.

"அங்க நீ ஒருத்தருக்கும் சமைக்கத் தேவையில்லை" என்றான். "படிச்சாச் சரி."

"உங்களுக்கு ஆர் சமைக்கிறது?"

"நான்தான். நீ சின்னனா இருக்கேக்க ஆர் சமைச்சது?"

"உங்கட புட்டு கல்லு மாதிரி இருக்கும்."

அவள் சிரித்தாள். அவனும் சிரித்தான். அவள் பிறகு அதைப் பற்றிக் கேட்கவில்லை. விமானம் இறங்கத் தொடங்கியதும் டிலானை எழுப்பி அவனுடைய தலையைக் கைவிரல்களால் வாரிவிட்டாள்.

லோஜனா வெளியே காத்திருந்தாள். கொஞ்சம் பருத்து, முடியைக் கட்டையாக வெட்டியிருந்தாள். டிலான் முதலில் தகப்பனின் காலுக்குப் பின்னால் ஒளிந்தான். பிறகு தொலைபேசியில் கேட்ட குரலை அடையாளம் கண்டு தாயிடம் போனான். அவள் இரண்டு பிள்ளைகளையும் சேர்த்துப் பிடித்துக்கொண்டு அழுதாள். அவனைப் பார்த்து, "களைச்சுப் போனியளோ?" என்று கேட்டாள்.

"இல்லை" என்றான்.

டாக்சியில் தாயும் பிள்ளைகளுமாக மூவரும் பின்னால் ஏறினார்கள். இடமில்லை என்று யாரும் சொல்லவில்லை. அவனே முன் கதவைத் திறந்து சாரதியின் பக்கத்தில் இருந்தான். சாரதி ஏதோ மொழியில் அவனிடம் கேட்டான். லோஜனா பின்னாலிருந்து பதில் சொன்னாள்.

அந்தக் கிழமை வேகமாகப் போனது. அவன் திரும்ப வேண்டிய நாளில் பிள்ளைகளுக்குப் பள்ளிக்கூடம் இருந்தது. கீழே பஸ் வந்து நின்றபோது நிலுஜா அவனைக் கட்டிப்பிடித்துவிட்டு, தம்பியின் கையைப் பிடித்துக்கொண்டு ஏறினாள். அவன் தெருவில் நின்று பார்த்தான். டிலான் தன் வயதுப் பிள்ளைகளோடு முன்னால் இருந்தான். நிலுஜா பின்னால், ஒரு பெண்பிள்ளைக்குப் பக்கத்தில். இருவரும் ஏதோ கதைத்துச் சிரித்துக்கொண்டிருந்தார்கள். பஸ் திரும்பும் வரைக்கும் அவள் அவன் பக்கம் பார்க்கவில்லை.

அது நல்லதுதான் என்று நினைத்துக்கொண்டு, அவன் பையைக் கட்ட மேலே போனான்.