லோக்யீ மறந்துபோன கவிதை

மின்தூக்கி வரும்வரை நிற்கக்கூட பிக்வாவுக்குப் பொறுமையில்லை. பேக்கரிச் சீருடையில் ஒட்டிய மாவைக்கூடத் தட்டாமல் பள்ளியின் மாடிப்படிகளில் விறுவிறுவென்று ஏறினாள். மகள் லோக்யீயைக் கவிதை ஒப்பிக்கும் போட்டியிலிருந்து நீக்கிவிட்டார்களாம். ஹாங்காங் பள்ளிகள் எல்லாம் கலந்துகொள்ளும் போட்டி. மூன்றாம் வகுப்பில் அந்தப் பெண்ணுக்குக் கிடைத்த ஒரே சந்தோஷம் அதுதான். அதையும் பிடுங்கினால் பெற்ற வயிறு எரியாதா?

லோக்யீக்குச் சீன எழுத்து வசப்படவே மாட்டேன் என்கிறது. ஒரு கோடு கூடிவிடும், இல்லையென்றால் இடப்பக்கத்துக் கோடு வலப்பக்கம் போய் உட்காரும். டிஸ்லெக்ஸியா என்று நிபுணர் சொல்லி ஒரு வருடம் ஆகிறது. தேர்வில் கூடுதல் நேரம் கொடுத்தார்கள். ஆனால் வாராவாரம் நடக்கும் சொல்வதெழுதலுக்கு அந்தச் சலுகை கிடையாதாம். தப்புக்குத் தப்பு மதிப்பெண்ணைக் கழித்துக் கழித்து, பிள்ளையைப் பூஜ்யத்தில் கொண்டுபோய் நிறுத்துவார்கள். அப்புறம் தப்பான எழுத்தையெல்லாம் பத்துப் பத்துத் தடவை எழுத வேண்டும். எழுத வராத பிள்ளைக்கு எழுதுவதே தண்டனை, என்ன நியாயமோ! காதால் கேட்டால் மட்டும் எவ்வளவு நீளமான கவிதையும் அவளுக்கு மனதில் நின்றுவிடும்.

வகுப்பாசிரியை மிஸ் சோய் நிதானமாகத்தான் பேசினார். தான் யாரையும் நீக்கவில்லை, கவிதை மறந்துவிட்டது என்று ஒத்திகையில் லோக்யீயே சொல்லிவிட்டாள் என்றார்.

"நேத்து குளிக்கறப்ப முழுசா சொன்னாளே மிஸ்," என்ற பிக்வா, வாசலில் நின்ற மகளைப் பார்த்தாள். "நெஜமாவே மறந்துடுச்சாடி?"

லோக்யீ தலையைக் குனிந்துகொண்டாள். "மறக்கலம்மா."

"அப்பறம் ஏன் அப்படிச் சொன்ன?"

"போன வாரம் பூஜ்யம் வாங்கினேன்ல. மிஸ் அந்தப் பாடத்த வாயால சொல்லச் சொன்னாங்க. ஒரு வார்த்த விடாம சொன்னேன். இவ்ளோ தெரிஞ்சவளுக்கு எழுத மட்டும் வராதா, எல்லாம் திமிருன்னு சொல்லி, விளையாட விடாம எழுத வெச்சாங்க." அவள் குரல் இறங்கியது. "தெரியலன்னா திட்ட மாட்டாங்கல்ல."

தான் நல்லதுக்குத்தான் சொன்னதாகவும், இன்னும் கொஞ்சம் முயற்சி செய்தால் எழுத்து தானாக வந்துவிடும் என்றும் மிஸ் சோய் இழுத்தார்.

"கண்ணு சரியாத் தெரியாத பிள்ளயோட கண்ணாடியக் கழட்டி வெச்சுட்டு, உத்து உத்துப் பாரு, பழகிடும்னு சொல்வீங்களா மிஸ்?"

பிக்வா மகளின் பையை வாங்கித் தன் தோளில் போட்டுக்கொண்டாள்.

"எழுதத்தான் அவளுக்கு வரல. தெரிஞ்சதத் தெரியாதுன்னு சொல்ல நல்லாவே கத்துக்குடுத்துட்டீங்க. அதுக்கு உங்களுக்கு நூத்துக்கு நூறு போட்டுக்குங்க."