விருந்தாளிக்குச் சிவப்புக் கிண்ணம்

கிளர்ச்சிக்காரர்கள் ரோமர்களின் நகரத்தைக் கொளுத்திய மூன்றாம் நாள், எனிகாவின் தம்பி டோக்கா உயிரைக் கையில் பிடித்துக்கொண்டு ஓடி வந்தான். பத்து வருடம் ரோமர்களுக்கு மது விற்றவன். மழித்த முகமும் எண்ணெய் வாசனையுமாக வாசலில் நின்றவனைப் பார்த்ததும் அவளுக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

"அவனுங்க காலை நக்குனதுக்குக் கூலி கெடைச்சுதாடா?"

திட்டிக்கொண்டேதான் காப்பாற்றினாள். செத்த புருஷனின் கட்டம்போட்ட கால்சட்டையை மாட்டிவிட்டாள். தாடையில் கரியை அப்பி, தீக்காயம் என்று துணி சுற்றினாள். வட்ட வீட்டுக்குள் நுழைந்தால் சூரியன் போகும் திசையில் அடுப்பைச் சுற்றிவிட்டுத்தான் உட்கார வேண்டும். ரோமர்களின் சதுர வீட்டில் வாழ்ந்தவனுக்கு அது மறந்தே போயிருந்தது. காலை முழுக்க அவனைச் சுற்ற வைத்தாள்.

மதியம் கிளர்ச்சிக்காரன் பெலாட்டர் வந்தான். அவள் புருஷனின் சித்தப்பா மகன். அவன் குதிரையின் கழுத்தில் இரண்டு தலைகள் தொங்கின. ஒன்று, ஆற்றங்கரையில் சதுர வீடு கட்டிய பக்கத்து ஊர்க்காரனுடையது.

"இவன் யாரு மதினி?"

"எங்கம்மா ஊர்ப் பய. ஊரைக் கொளுத்தப் போயி தானே வெந்துட்டு வந்திருக்கான்."

"அப்படியா. உள்ள வந்து உக்காருப்பா."

டோக்கா சுற்றி வந்து உட்கார்ந்தான். ஓரடி பிசகவில்லை. பெலாட்டர் சிரித்துக்கொண்டே வாளைக் கீழே வைத்தான். எனிகாவுக்குப் போன உயிர் திரும்பி வந்தது. அந்தச் சந்தோஷத்தில் பார்லிக் கள்ளை ஊற்றிப் பெலாட்டரிடம் நீட்டினாள்.

குடித்து முடித்தவன் கிண்ணத்தின் அடியையே பார்த்தான். குயவன் குத்திய ரோமன் எழுத்துகள். ஐந்து வருடத்துக்கு முன் டோக்கா கொடுத்த கிண்ணம், சிவப்பாக, வழவழவென்று இருக்கும். அது ரோமர் பாத்திரம் என்ற நினைப்பே அவளுக்குப் போயிருந்தது. விருந்தாளிக்குக் கொடுக்க வீட்டில் அது ஒன்றுதான் நல்லது.

"யாரு குடுத்தது மதினி?"

பதிலுக்கு அவன் காத்திருக்கவில்லை. தலைமுடியைப் பிடித்து இழுத்து, வாளை எடுத்து அவள் கழுத்தில் வைத்துவிட்டான். ரத்தம் கசிந்தது.

டோக்கா முகத்துணியை அவிழ்த்தான். "அவள விடுங்க. நான்தான் கொண்டாந்தேன். வேணாம் வேணாம்னுதான் சொன்னா."

பொய். ஆசையாக வாங்கிக்கொண்டவள் அவள்.

முதல் வெட்டு டோக்காவின் தோளில் விழுந்தது. இரண்டாவதில் கழுத்து பாதி அறுந்தது. மீதியை முதுகில் முழங்காலை ஊன்றி அறுத்தான் பெலாட்டர். எனிகா அவன் கையைக் கடித்தாள்; உதைத்துத் தள்ளினான். மூன்று தலைகளோடு குதிரை போனது.

சாயங்காலம்வரை தனியாகக் குழி தோண்டினாள். செத்தவனுக்கு வழியில் குடிக்கக் கள் வைக்க வேண்டும், அதுவும் வீட்டிலேயே நல்ல பாத்திரத்தில். ரத்தத்தைத் துடைத்துவிட்டு அந்தக் கிண்ணத்தையே நிரப்பி எடுத்து வந்தாள்.

வாய்க்குப் பக்கத்தில் வைப்பதுதான் வழக்கம். எங்கே வைப்பதென்று தெரியாமல் வெகுநேரம் குழிக்குள்ளேயே உட்கார்ந்திருந்தாள். பிறகு அவன் கையில் கொடுத்து, விரல்களை ஒவ்வொன்றாக மடித்துவிட்டாள்.