எழுத்து மாறியது, கோடு மாறவில்லை

சிங்கப்பூர் எல்லைக்கு அருகிலுள்ள மாசாய் ஊரில் இரும்பு கேட் செய்யும் பட்டறையில் கணினியில் வரைபடம் போடுபவள் லோஷினி. முதலாளி திருச்செல்வம் அவளுடைய தாய்மாமன். அதனால் அவரைத் திட்டவும் முடியாது, விட்டுப் போகவும் முடியாது.

அன்று காலை, கேட் பொருத்தப் போன ஆள்களிடமிருந்து அழைப்பு வந்தது. கேட் எதிர்ச்சுவரைத் தொடவில்லை. ஏறக்குறைய அரை அடி இடைவெளி. பூட்டவே முடியாது. பழைய கேட்டை ஏற்கெனவே அறுத்து எடுத்தாயிற்று.

வீட்டுக்காரி அமண்டா போனை வாங்கிக்கொண்டாள். "அக்கா, நான் சிங்கப்பூருக்கு வேலைக்குக் கிளம்பணும். அப்பாவுக்கு ஞாபகம் தப்பிப் போச்சு. வாசல் தொறந்திருந்தா மெயின் ரோட்டுக்குப் போயிருவாரு. அம்மாவால பின்னால ஓட முடியாது. அதுக்குத்தான கேட்டே போடுறோம்."

லோஷினி படத்தைத் திறந்தாள். அகலம் 1200 மில்லிமீட்டர் என்று எழுதியிருந்தது. கோட்டை அளந்து பார்த்தால் 1050. யாரோ கோட்டைத் தொடாமல் எண்ணை மட்டும் மாற்றித் தட்டியிருக்கிறார்கள். யாரென்று யோசிக்கவே வேண்டியதில்லை.

"மாமா, இந்த நம்பர நீங்க மாத்தினீங்களா?"

"ஆமா. அகலம் கூட்டணும்னு அந்தப் பொண்ணு கேட்டுச்சு. நீ லீவு. நானே மாத்திட்டேன்."

"எழுத்துதான் மாறிச்சு, கோடு மாறல. தகடு வெட்டுற மெஷின் எழுத்தப் படிக்காது. கோட்டத்தான் படிக்கும்."

"அப்ப எதுக்கு எழுத விடுது?"

 போன மாதமும் இதே கேள்வியைக் கேட்டார். மெஷின் கோட்டைத்தான் படிக்கும் என்று லோஷினி அப்போதும் சொன்னாள். தலையாட்டினார்.

"சீக்கிரம் மாத்து லா," என்று நாற்காலிக்குப் பின்னால் வந்து நின்றார். அந்த அவசரத்தில் அவள் மொத்தப் படத்தையும் தேர்ந்தெடுத்து, கேட்டின் இரு ஓரங்களைத் தொட்டுக் காட்டி, 1200 என்று அடித்தாள். அகலம் சரியாக வந்தது.

"உயரமும் ஏறிருச்சே," என்றார் மாமா.

ஏறித்தான் இருந்தது. 2100 இப்போது 2400. பூட்டு ஓட்டைகூடப் பெருத்திருந்தது. அவர் சொன்னது சரியாக இருந்ததே அவளுக்கு எரிச்சலைக் கூட்டியது.

"இங்க நிக்காதீங்க மாமா. அந்த வீட்டுக்குப் போங்க. கேட் வர்ற வரைக்கும் வாசல்ல உக்காந்து அவரப் பாத்துக்குங்க."

"நானா?"

"நீங்கதான்."

அவர் மோட்டார் சைக்கிளை எடுத்துக்கொண்டு போனார். அவள் செய்ததை எல்லாம் அழித்து, பூட்டுப் பக்கத்து ஓரத்தை மட்டும் பிடித்து இழுத்தாள். ஓட்டை அளவு மாறாமல் கூடவே நகர்ந்தது. எல்லாக் கோட்டையும் மறுபடி அளந்த பிறகே வெட்ட அனுப்பினாள்.

மாலையில் புதுக் கேட்டோடு போனபோது வாசலில் யாருமில்லை. உள்ளே அமண்டாவின் அம்மா அந்தோணியம்மாள் காலை நீட்டி உட்கார்ந்திருந்தார்.

"ரெண்டு பேரும் அப்பவே போய்ட்டாங்கம்மா."

 லோஷினி உடனே மாமாவுக்குப் போன் அடித்தாள்.

"சாப்பாட்டுக் கடையில இருக்கோம். அவரு நடக்கணும்னாரு, கூடவே நடந்தேன். டீ வேணும்னாரு, வாங்கிக் குடுத்தேன்."

"உக்காரச் சொன்னேன்ல?"

"அவரு உக்காரலியே. நான் மட்டும் எப்படி உக்கார்றது?"

கேட் சரியாகப் பொருந்தியது. அமண்டாவின் அப்பா வாலண்டைன், மாமாவின் கையைப் பிடித்தபடியே திரும்பி வந்து உள்ளே போனார். அமண்டாவும் வேலையிலிருந்து வந்து பூட்டிப் பார்த்தாள். பெரியவர் கம்பியைப் பிடித்து இரண்டு முறை ஆட்டினார். பிறகு வெளியே நின்ற மாமாவைப் பார்த்து, "போலாமா?" என்றார்.

மாமா லோஷினியைப் பார்த்தார். 

"நாளைக்கு வரேன் அண்ணே," என்றார் மாமா. "டீ குடிக்கப் போலாம்."

மோட்டார் சைக்கிளில் ஏறும்போது, "பெயிண்ட் அடிக்கணும்ல, எப்படியும் நாளைக்கு வரணும்," என்று அவளிடம் கோபமாகச் சொன்னார்.