வளையல் நீங்கலாக நூற்று முப்பத்தாறு ராத்தல்

1

இந்தக் கதை வாய்க்கொழுப்பில் பிறந்தது என்பதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். வாயும் என்னுடையது, கொழுப்பும் என்னுடையது.

என் பெயர் வரதன். ராயபுரத்தில், துறைமுகத்தை ஒட்டிய ஒரு கிடங்கில் எடை போடுகிறவன். பதினோரு வருஷமாக மூட்டைகளையே பார்த்துப் பார்த்து, தராசில் ஏற்றாமலே எடை சொல்லும் வித்தை எனக்குக் கைவந்துவிட்டது. ஒரு ராத்தல் முன்னே பின்னே இருந்தால் அது தராசின் கோளாறு. மற்ற நேரங்களில் கதை எழுதுகிறேன். இரண்டு அச்சாகியிருக்கின்றன. திரும்பி வந்தவற்றைப் பற்றிப் பேச வேண்டாம்.

போன மாதம், அதாவது 1951 மாசியில், என் மனைவி கெங்கம்மாவுக்கு வளைகாப்பு. வீடு கொள்ளாத பெண்கள். இரண்டு கையிலும் முழங்கை வரைக்கும் கண்ணாடி வளையலோடு அவள் மணையில் உட்கார்ந்திருக்கிறாள். அப்போது அவளுடைய அத்தை ஒருத்தி சும்மா இருக்காமல் என்னைக் கிளப்பிவிட்டாள்.

"இன்னா வரதா, ஊர்ல கீற மூட்டைக்கெல்லாம் எடை சொல்றியாமே. உன் பொண்டாட்டி எவ்ளோ, சொல்லு பாப்போம்."

நான் எழுந்து நின்றேன். கண்ணை ஒரு தடவை சுருக்கினேன். கிடங்கில் கத்தும் அதே குரலில் கத்தினேன்.

"நூத்தி முப்பத்தாறு ராத்தல்! வளையல் நீங்கலா!"

சாக்கின் எடையைக் கழித்துச் சொல்வது எங்கள் தொழில் வழக்கம். கழிக்காமல் சொன்னால் எனக்கு நாக்குக் கூசும். பெண்கள் விழுந்து விழுந்து சிரித்தார்கள். கெங்கம்மா சிரிக்கவில்லை. அடுத்த புதன்கிழமை தாய் சேய் நிலையத்தில் நர்ஸ் ரஹீமுன்னிசா அவளை மிஷினில் ஏற்றிப் பார்த்தபோது சரியாக நூற்று முப்பத்தாறு. தப்பாகச் சொல்லியிருந்தால் மன்னித்திருப்பாள். அதோடு நர்ஸ் வேறு, "எடை ஜாஸ்தியா ஏறுதும்மா, பாத்துக்கோ" என்று சொல்லிவிட்டாள்.

வீட்டுக்கு வந்ததும் கெங்கம்மா என் கையை இழுத்துத் தன் வயிற்றின் மேல் வைத்தாள். "என் எடையப் பத்தி இனிமே வாயத் தொறக்க மாட்டேன்னு கொயந்த மேல சத்தியம் பண்ணு." பண்ணினேன். உள்ளேயிருந்து ஓர் உதை வந்தது. சாட்சிக் கையெழுத்து என்று எடுத்துக்கொண்டேன்.

சத்தியம் வாயைப் பற்றியது. கையைப் பற்றி ஒரு பேச்சும் நடக்கவில்லை. இப்போது அவளிடம் எடை சம்பந்தமாக ஒரு விஷயத்தை நான் சொல்லியே ஆகவேண்டும். ஆகவே இந்தக் கதை.

[ஓரத்தில் பென்சில்: கைக்கும் சேத்துத்தான் சத்தியம். என் எடைய எழுதின, அடுப்புல வெச்சிடுவேன்.*]

* என் முதல் வாசகி கெங்கம்மாதான். எட்டாவது வரை படித்தவள். நான் காலையில் எழுதி அரிசி டின்மேல் வைத்துவிட்டு வேலைக்குப் போவேன். திரும்பி வரும்போது ஓரமெல்லாம் பென்சிலாக இருக்கும். பேசுவதைப் போலவே எழுதுவாள். அவள் கிறுக்கியதை நான் அழிப்பதில்லை, பயம்.

2

சரி. கெங்கம்மாவைப் பற்றி எழுதவில்லை. இது எண்ணூரில் இருக்கும் பச்சையம்மா என்பவளின் கதை. முற்றிலும் கற்பனை. அவள் கணவன் பெயர் வேலப்பன். அவனும் எடை போடுகிறவன்தான், ஆனால் உப்புக் கிடங்கில். அவனும் பார்த்தே எடை சொல்வான். அவனும் ஒரு சத்தியம் செய்திருக்கிறான். உலகத்தில் இப்படி எத்தனையோ ஒற்றுமைகள்.

ஆரம்பம்:

எண்ணூர்க் கழிமுகத்தின் மேல் செங்கதிரோன் தன் பொற்கரங்களை நீட்டி

(வேண்டாம். அந்த நேரத்தில் வேலப்பன் தூங்கிக்கொண்டிருப்பான்.)

பச்சையம்மா பெருமூச்சு விட்டாள். அந்தப் பெருமூச்சில்

(என்ன இருந்தது என்று எனக்கே தெரியவில்லை.)

பச்சையம்மாவுக்குப் பசித்தது.

இது நன்றாக இருக்கிறது. எட்டு மாதக் கர்ப்பிணிக்குப் பசிக்காமல் என்ன செய்யும்? வாயும் வயிறுமாக இருக்கிறவள் என்று தெருவே அவளுக்கு ஊட்டியது. எதிர்வீட்டிலிருந்து வஞ்சிரம் வறுவல். பக்கத்து வீட்டிலிருந்து எள்ளுருண்டை. சாயபு வீட்டுக் கலியாணத்திலிருந்து ஒரு தூக்குப் பிரியாணி. மறுத்தால் கொண்டுவந்தவள் முகம் சுண்டிப்போகும் என்று பச்சையம்மா எல்லாவற்றையும் தின்றாள். எள்ளுருண்டையை மட்டும் முகத்துக்காகத் தின்னவில்லை, ஆசைக்காகத் தின்றாள்.

[பென்சில்: அவ அழகா கீறாளா?]

ரொம்ப அழகு. கன்னம் பளபளவென்று இருக்கிறது. வேலப்பன் உப்புக் கணக்கில் தப்புப் பண்ணுவதே அந்தக் கன்னத்தை நினைத்துத்தான்.

[பென்சில்: இத்த அடிச்சிடாத. எள்ளுருண்டைய வெட்டு.]

3

கதையில் இப்போது ஒரு சங்கடம் வரவேண்டும். வந்துவிட்டது. பச்சையம்மா புதன்கிழமைகளில் தாய் சேய் நிலையத்துக்குப் போவதை நிறுத்திவிட்டாள்.

போகவில்லை என்று சொல்லவும் இல்லை. தலை பின்னிப் பூ வைத்துக்கொண்டு, குடையும் பையுமாகப் புறப்படுவாள். இரண்டு மணி நேரம் கழித்து வருவாள். "நர்ஸம்மா இன்னா சொன்னாங்க?" என்று வேலப்பன் கேட்டால், "அல்லாம் நல்லா கீதாம்" என்பாள். அந்த இரண்டு மணி நேரமும் அவள் ரயில்வே ஸ்டேஷன் பெஞ்சில் உட்கார்ந்து போகிற வருகிற வண்டிகளைப் பார்த்துக்கொண்டிருந்தாள். பச்சையம்மாவைப் பொறுத்தவரை அந்த நிலையத்தில் டாக்டர் இல்லை, மருந்து இல்லை, ஓர் எடை மிஷின் மட்டும்தான் இருந்தது. அது நம்பரைச் சத்தம்போட்டுச் சொல்லும் என்று அவளுக்குப் பயம்.

வேலப்பனுக்கு எப்படித் தெரிந்தது? அவள் பையில் இருந்த நிலையத்துக் கார்டில் மூன்று புதன்கிழமைகள் காலியாக இருந்தன.

[பென்சில்: யோவ், நீ என் கார்ட பாத்தியா?]

வேலப்பன் பார்த்தான்.

[பென்சில்: வேலப்பன் கலீஜு. பொம்பள பைய தொடுறான்.]

4

என் கதாநாயகன்மேல் எனக்கே சந்தேகம் வருகிறது. இவ்வளவு தெரிந்த பிறகும் ஒருவன் வாயைத் திறக்காமல் இருப்பானா? வாசகர்கள் நம்புவார்களா? வயிற்றில் இருக்கும் பிள்ளையின் மேல் சத்தியம் செய்துவிட்டு, அதே பிள்ளைக்காக அதை உடைப்பதா என்று அவன் தவிக்கிறான். முட்டாள்தான். ஆனால் அவன் கை அந்த வயிற்றின் மேல் இருந்தது, உதையை வாங்கியது. அதை அவனால் மறக்க முடியவில்லை.

வாயைத் திறக்காமல் என்னென்ன செய்ய முடியுமோ அத்தனையும் செய்தான். நேராக ரஹீமுன்னிசாவிடம் போனான். தன் மனைவி கண் முன்னாலேயே கனத்துக்கொண்டு போவதையும், காலையில் முகம் உப்பியிருப்பதையும், போன மாதம் கலகலவென்று உருண்ட வளையல்கள் இப்போது அசையாமல் கிடப்பதையும் சொன்னான். (நர்ஸிடம் சொல்லக் கூடாது என்று சத்தியத்தில் இல்லை.)

ரஹீமுன்னிசா எழுதிக்கொண்டிருந்த பேனாவைக் கீழே வைத்தாள். "இந்தாப்பா, முழங்காலுக்குக் கீழ, எலும்பு மேல கட்டைவிரலால அமுக்கிப் பாரு. பத்து எண்ணு. குழி வுழுந்து அப்டியே நின்னுச்சுன்னா அது சதை இல்ல, தண்ணி. அதோட தலைவலியும் சேந்துகினா ஒரு நாள்கூட வெச்சிருக்காத. வலிப்பு வந்துடும். அப்பறம் தாயும் புள்ளையும் நம்ம கையில இல்ல."

வேலப்பன் வீட்டுக்கு வந்தான். "கால் புடிச்சி வுடட்டுமா?" என்றான். கலியாணமாகி ஆறு வருஷத்தில் ஒரு நாளும் கால் பிடிக்காதவன். பச்சையம்மா அவனை ஏற இறங்கப் பார்த்தாள். புடவையைக் கணுக்கால் வரை இழுத்து மூடிக்கொண்டாள். "இன்னா தப்பு பண்ணிட்டு வந்துகீற?"

வியாழக்கிழமை ரஹீமுன்னிசாவே வீடு தேடி வந்தாள். கதவு உள்தாழ்ப்பாள். தட்டினாள். உள்ளேயிருந்து பச்சையம்மாவின் குரல் கணீரென்று வந்தது.

"வூட்ல யாரும் இல்ல!"

இந்த இடத்தில் நான் எழுத முடியாமல் சிரித்துக்கொண்டிருந்தேன். கூடவே அழுகையும் வந்தது. இரண்டும் ஒரே நேரத்தில் வந்தால் மை கொட்டிவிடும், மேலே இருக்கும் கறைக்கு அதுதான் காரணம்.

நேற்றுக் காலையில் அவள் நெற்றியைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள்.

[பென்சில்: அது வெய்யிலு.]

[அதற்குக் கீழே, அழுத்தி எழுதிய பென்சில்: பச்சையம்மா தின்னு தின்னு ஊதிட்டான்னு எழுதிகினே போற. அவ பதினஞ்சு நாளா ஒரு வேள கஞ்சிதான் குடிக்கிறா. குடுத்து அனுப்புற பண்டத்த அல்லாம் எதிர்வூட்டுப் புள்ளைங்களுக்குக் குடுத்துடுறா. அப்டியும் ஏறிகினே போவுது. அவ இன்னா பண்ணுவா? அத்த எழுது.]

5

ராத்திரி அவள் எழுதிவைத்த இதைக் காலையில் படித்ததும் நான் கிடங்குக்குப் போகவில்லை. கெங்கா, எனக்கு வெட்கமாக இருக்கிறது. மூன்று வாரமாக உன் எடையைத்தான் பார்த்தேனே தவிர உன் தட்டைப் பார்க்கவில்லை.

(மேலே உள்ள வரிகள் கதையில் சேராது. அடிக்க மனம் வரவில்லை.)

வஞ்சிரத்தையும் பிரியாணியையும் எடுத்துவிடுகிறேன். எள்ளுருண்டை மட்டும் இருக்கட்டும், ஒரு பிள்ளைத்தாய்ச்சிக்கு அதுகூட இல்லாமல் என்ன கதை?

இப்போது வேலப்பனைப் பேச விடுகிறேன். எடையைப் பற்றி அல்ல, உப்பைப் பற்றி. பச்சையம்மா சுவரைப் பார்த்தபடி உட்கார்ந்திருக்கிறாள். அவன் எதிரே வந்து தரையில் குந்துகிறான்.

"மழைக்காலத்துல உப்பு மூட்டைய நிறுத்தா முந்தின நாள விட கூடவே நிக்கும். புதுசா வந்த எடைக்காரன் இன்னா நெனப்பான்? எவனோ உப்ப கூடப் போட்டுட்டான்னு மூட்டைய அவுத்து அள்ளிப் பாப்பான். உள்ள ஒரு புடி உப்பு கூட ஏறியிருக்காது. காத்துல கீற தண்ணிய குடிச்சிட்டு கனத்துகினு கீது. மூட்டை இன்னா பண்ணும்? அது மேல இன்னா தப்பு? அதுல இருந்து உப்ப அள்ளிகினே இருந்தா, உப்புதான் கொறயும், தண்ணி கொறயுமா?"

பச்சையம்மா திரும்பிப் பார்க்கிறாள்.

"தின்னாம ஏறுறதுக்கு நீ பொறுப்பு இல்லம்மே," என்கிறான் வேலப்பன். சத்தியம் கொஞ்சம் கிழிந்துவிட்டது. கிழியட்டும். பிள்ளை பெரியவனானதும் அவனிடமே மன்னிப்புக் கேட்டுக்கொள்கிறேன். நான் என்றால் வேலப்பன்.

6

இனி முடிவு. மூன்று யோசித்தேன்.

முதலாவது, பத்திரிகைக்காரர்களுக்குப் பிடித்தது. பச்சையம்மாவுக்கு இரட்டைப் பிள்ளை. அதனால்தான் அவ்வளவு எடை! ஊரே சிரிக்கிறது, வேலப்பன் இரண்டு தொட்டில் கட்டுகிறான், எல்லாருக்கும் சர்க்கரை. எழுதுவதற்கு இவ்வளவு சுலபமான முடிவு கிடையாது. ஆனால் நர்ஸ் வயிற்றைத் தொட்டுப் பார்த்து ஒன்றுதான் என்று ஏழாம் மாதமே சொல்லிவிட்டாள்.

இரண்டாவது: அன்றைக்குச் சாயங்காலம் பச்சையம்மாவுக்குத் தலை

இதை எழுத மாட்டேன். எவ்வளவு பெரிய எழுத்தாளனாக ஆனாலும் எழுத மாட்டேன். பேனாவை உடைத்துக் கடலில் போடுவேனே தவிர அந்த வாக்கியத்தை முடிக்க மாட்டேன்.

மூன்றாவது முடிவை நான் எழுத முடியாது. அது வாசகர் எழுதவேண்டியது. மற்ற வாசகர்கள் தயவுசெய்து கொஞ்சம் தள்ளி நில்லுங்கள். இந்தக் கதைக்கு ஒரே ஒரு வாசகிதான் இப்போது வேண்டும்.

வாசகியே, கதவைச் சாத்திக்கொள். புடவையை முழங்கால் வரைக்கும் தூக்கு. யாரும் பார்க்க மாட்டார்கள், நான் தெருக் குழாயடியில் முதுகைக் காட்டிக்கொண்டு நிற்கப் போகிறேன். முழங்காலுக்குக் கீழே, எலும்பின் மேல், கட்டைவிரலை வைத்து அழுத்து. பத்து எண்ணு. விரலை எடு.

குழி உடனே மூடிக்கொண்டால் வேலப்பன் கடைந்தெடுத்த மடையன். இந்தக் காகிதங்களை அடுப்பில் வை. நான் இனிக் கதையே எழுத மாட்டேன். நீ என் எடையைத் தெருவில் நின்று கூவு, சட்டை நீங்கலாக.

மூடிக்கொள்ளாவிட்டால், கீழே இடம் விட்டிருக்கிறேன். பென்சில் அரிசி டின்மேல் இருக்கிறது.





[பென்சில்: பத்து எண்ணுனேன். அப்பால இருவது எண்ணுனேன். ரெண்டு கால்லயும் குழி அப்டியே நிக்கிது. பயமா கீதுயா. குழாயடில நின்னுகினு இன்னா பண்ற, ஓடிப்போய் ரிக்‌ஷாவ கூப்டு. ஆனா நான் மிஷின்ல ஏறும்போது நீ வெளிய நிக்கணும்.]