மீசை வழி நுழைந்த தண்ணீர்

கணேசபாண்டியனின் மீசையைப் பற்றி முதலில் சொல்லிவிட வேண்டும். தாராவியில் அவன் குடியிருந்த சந்தில் முதலில் மீசை திரும்பும், அப்புறம்தான் ஆள் திரும்புவான். நாங்குநேரிப் பக்கத்திலிருந்து பம்பாய்க்கு ரயிலேறி வந்தபோது அவன் கொண்டுவந்த சொத்து என்று மிஞ்சியது அது ஒன்றுதான். டிரங்குப் பெட்டியைத் தாதர் ஸ்டேஷனில் எவனோ அடித்துக்கொண்டு போய்விட்டான். மீசை முகத்தோடு ஒட்டியிருந்ததால் தப்பித்தது.

அந்த மீசைதான் இப்போது அவன் பிழைப்பில் மண்ணை அள்ளிப் போட்டுக்கொண்டிருந்தது.

சயானில் காற்று சிலிண்டர் நிரப்பும் பட்டறை ஒன்றில் அவனுக்கு வேலை. அங்கே வாராவாரம் சிலிண்டர் அனுப்பும் ஒரு கிளப் இருந்தது. சிலிண்டரை முதுகில் கட்டிக்கொண்டு, வாயில் குழாயைக் கவ்விக்கொண்டு, கடலுக்கு அடியில் உல்லாசமாகச் சுற்றிப் பார்க்கப் பணக்காரர்கள் கூடி நடத்திய கிளப். பம்பாய்க் கடலுக்கு அடியில் பார்க்க என்ன இருக்கிறது என்று கேட்கக் கூடாது. இறங்கியவனுக்குத் தன் கை தெரிந்தாலே அதிர்ஷ்டம். அதனால் அவர்கள் வருஷம் முழுக்கச் செம்பூரில் ஒரு சேட்டின் பங்களாக் குளத்தில் முங்கிப் பழகிவிட்டு, டிசம்பரில் மட்டும் கப்பலேறி மால்வண் பக்கம் போவார்கள். அங்கே தண்ணீர் தெளிவு. பாறை தெரியும், பவளம் தெரியும், மீன் முகத்துக்கு நேரே வந்து நின்று ஆளை விசாரிக்கும்.

கிளப்பை நடத்தியவர் ஸொராப்ஜி. கடற்படையில் கேப்டனாக இருந்து ஓய்வு பெற்ற பார்ஸிக்காரர். சிலிண்டர் கொண்டுபோன இடத்தில் கணேசபாண்டியன் ஒருநாள் ஆசை தாங்காமல் குளத்தில் குதிக்க, அவர் அவனைத் திட்டிவிட்டு, திட்டி முடித்த கையோடு பயிற்சிக்கும் சேர்த்துக்கொண்டார். அதுவும் லீடர் பயிற்சி. லீடர் என்றால், தண்ணீருக்குள் கூட்டிக்கொண்டு போன ஆட்களை, கூட்டிக்கொண்டு போன எண்ணிக்கையிலேயே திரும்பக் கொண்டுவந்து சேர்க்கிற உத்தியோகம். தேறினால் மாதச் சம்பளம், மார்பில் கிளப் பெயர் தைத்த பனியன், டிசம்பரில் மால்வண். பட்டறை முதலாளியின் குஜராத்தி வசவிலிருந்து நிரந்தர விடுதலை. தனக்குப் பெண் பார்க்கச் சொல்லிக்கூட அவன் இவ்வளவு ஆசைப்பட்டதில்லை.

கிணற்றில் குதித்து வளர்ந்தவனுக்கு இங்கே கற்க வேண்டியதைவிட மறக்க வேண்டியதுதான் அதிகமாக இருந்தது. கிணற்றில் மூச்சைப் பிடிப்பதுதான் வீரம். இங்கே மூச்சைப் பிடித்தால் கதை முடிந்தது. அடியில் இருக்கும்போது சிலிண்டர் காற்றை இழுத்துவிட்டு, வாயை இறுக மூடிக்கொண்டு மேலே வந்தால், ஏற ஏற அந்தக் காற்று உள்ளேயே உப்பி நெஞ்சைக் கிழித்துவிடும். ஊதிக்கொண்டே ஏற வேண்டும். ஊத மறந்து ஏறுகிறவனை என்ன செய்வது என்பதற்கும் ஸொராப்ஜியிடம் பாடம் இருந்தது. வயிற்றில் ஒரு குத்து விட வேண்டும், தானாக ஊதிவிடுவான். கணேசபாண்டியனுக்கு அந்தப் பாடம் ரொம்பப் பிடித்தது. சேட்டு வீட்டுப் பிள்ளைகளைச் சட்டப்படி குத்த வேறு எங்கே வாய்ப்புக் கிடைக்கும்.

எல்லாவற்றிலும் தேறினான். ஒன்றில்தான் வழுக்கினான். கண்ணையும் மூக்கையும் மூடுகிற ரப்பர் மாஸ்க் மேலுதட்டில் அப்பிக்கொண்டு உட்கார வேண்டும். இவனுடைய மேலுதட்டில் ஏற்கெனவே ஒருவர் உட்கார்ந்திருந்தார். மயிர்க்கால் மயிர்க்காலாகத் தண்ணீர் உள்ளே வந்தது. வாஸ்லைன் தடவிப் பார்த்தான். தேங்காயெண்ணெய் தடவிப் பார்த்தான். ஒருநாள் மாதுங்காவில் வெண்ணெய் வாங்கிவந்து அப்பினான். குளத்தில் கண்ணுகண்ணாகக் மிதந்ததை மாமிசக் கொழுப்பு என்று நினைத்து, சுத்த சைவமான சேட்டின் மனைவி மூன்று நாள் பட்டினி கிடந்து குளத்தைக் கழுவிவிட்டாள்.

கடைசிப் பரீட்சையன்று வினையே வந்துவிட்டது. மாஸ்க்கில் ஏறிய தண்ணீரை இவன் ஊதி வெளியேற்றிக்கொண்டிருந்த நேரத்தில், இவன் பொறுப்பில் விட்ட இரண்டு பேரில் ஒருவர் வழிதவறிப் போய் ஏணியில் மண்டையை முட்டிக்கொண்டார். ஸொராப்ஜி கத்தவில்லை. அடுத்த ஞாயிறு இன்னொரு முறை, அதுதான் கடைசி, மீசையோடு வந்தால் கேட்டைத் தாண்டாதே என்று மட்டும் சொன்னார்.

தாராவியில் சலூன் வைத்திருந்த வெயிலுமுத்துவும் திருநெல்வேலிக்காரன்தான். வளர்ந்த மீசையில் கத்தி வைக்கும் முன் யார் செத்தது என்று கேட்காமல் வைக்க மாட்டான். அவன் கேட்பதில் தப்பில்லை. அப்பன் போனால்தான் அவர்கள் ஊரில் ஆண்பிள்ளை மீசையை எடுப்பான். கணேசபாண்டியன் அதனால் திங்கட்கிழமை மாதுங்கா ஸ்டேஷனுக்கு வெளியே உட்கார்ந்திருந்த வடக்கத்தி நாவிதன் ஒரு பய்யாவிடம் போய்க் கன்னத்தை நீட்டினான். பய்யா ஒன்றும் கேட்கவில்லை. பீடியைக் காதில் செருகிக்கொண்டு இரண்டே இழுப்பில் வேலையை முடித்தான். கண்ணாடியில் தெரிந்த ஆளுக்குக் கணேசபாண்டியன் கடன்கூடக் கொடுத்திருக்க மாட்டான்.

முகத்தில் துண்டைப் போட்டுக்கொண்டு சந்துக்குள் நுழைந்தான். துண்டு அங்கேயே நிற்குமா, நழுவிவிட்டது. இட்லிக்கு மாவாட்டிக்கொண்டிருந்த பேராச்சி அக்கா ஒரே பார்வைதான் பார்த்தாள். மாவுக் கையோடு மாரில் அடித்துக்கொண்டு ஆரம்பித்துவிட்டாள்.

"யக்கா, ஒண்ணும் இல்ல. யாரும் சாகல," என்றான் கணேசபாண்டியன்.

"பாவி மட்டைக்குப் புத்தி பேதலிச்சிட்டே. அப்பன் செத்ததுகூடத் தெரியாமப் பேசுதானே," என்று அவள் இன்னும் இரண்டு சுதி ஏற்றினாள்.

அவள் ஒப்பாரிக்கு ஒரு மதிப்பு உண்டு. வீட்டுக்கு வீடு ஆள் வந்தது. அப்பா நன்றாக இருக்கிறார், இது தண்ணீருக்குள் முங்குகிற வேலைக்காக என்று அவன் சொல்லச் சொல்ல, பாவம், அதிர்ச்சி, குடிக்கத் தண்ணி கொடுங்க என்றார்கள். தலையை மொட்டை போடாதது மட்டும் சிலருக்கு உறுத்தியது. பம்பாயில் வேலை செய்கிறவன் எல்லாச் சடங்கையும் எங்கே ஒழுங்காகச் செய்கிறான் என்று அவர்களே சமாதானம் சொல்லிக்கொண்டார்கள்.

அவனோடு அறையில் தங்கியிருந்த இசக்கி இன்னும் ஒரு படி மேலே போனான். சாயங்காலம் தபாலாபீஸுக்குப் போய், கணேசபாண்டியனின் அம்மா மீனாட்சியம்மாள் பெயருக்கு, தங்கள் கணவர் மறைவுக்கு ஆழ்ந்த அனுதாபம் என்று தந்தி கொடுத்துவிட்டு வந்து, அதை நல்ல காரியமாகவும் சொன்னான். கணேசபாண்டியன் அவனைச் சுவரோடு வைத்து அழுத்திவிட்டு, மறுநாள் தபாலாபீஸ் திறந்ததும் மறுதந்தி கொடுக்க ஓடினான். அது போய்ச் சேர்ந்தபோது வீட்டில் வாங்க அம்மா மட்டும்தான் இருந்தாள். முதல் தந்தியை வாங்கிய ஆள் ரயிலேறியிருந்தார். தன் சாவுச் செய்தியைத் தானே கையெழுத்துப் போட்டு வாங்கிய மனிதர் அந்த வட்டாரத்தில் பிரம்மநாயகம் ஒருவர்தான்.

சனிக்கிழமை சந்துக்குள் ஒரு பெரிய மீசை திரும்பியது. மகனுடையதைவிட ஒரு விரற்கடை அகலம், பாதி நரை.

"கணேசபாண்டியன் இருக்கது எந்த வீடு?"

"நீங்க யாரு?" என்றாள் பேராச்சி.

"அவன் செத்த அப்பன்."

பேராச்சி மாவுப் பாத்திரத்தைக் கீழே வைத்துவிட்டு உள்ளே போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள். அன்று சந்தில் ஒருவருக்கும் இட்லி கிடைக்கவில்லை.

பிரம்மநாயகம் மகனின் முகத்தை நெடுநேரம் பார்த்தார். கணேசபாண்டியன் கிளப், சிலிண்டர், மாஸ்க், மால்வண் என்று எல்லாவற்றையும் ஒப்பித்தான். அவர் துண்டால் கழுத்தைத் துடைத்துக்கொண்டே கேட்டார். அவன் முடித்த பிறகு, "முங்குததுக்கு ஒரு சம்பளம். அந்தச் சம்பளத்துக்கு என் உசிரு," என்றார்.

"அப்படி இல்லப்பா."

"நாளைக்கு நான் நெசமாவே செத்தா, அப்ப எதைல எடுப்பே?"

"அதுக்குள்ள வளந்துரும்ப்பா."

"சரி. அது வளர்த வரைக்கும் நான் காத்துக் கெடக்கணும்."

சொல்லும்போது அவர் குரல் கொஞ்சம் உடைந்தது. கணேசபாண்டியன் அதை எதிர்பார்க்கவில்லை. வசவு வரும், அறை விழும் என்று தயாராக நின்றவனுக்கு அந்தக் குரலை எங்கே வைத்துக்கொள்வது என்று தெரியவில்லை. வழித்த இடம் வெறுமையாக எரிந்தது. அப்பா இந்தக் கோலத்தில் தன்னைப் பார்த்துவிட்டாரே என்று அழுகை வந்தது. திங்கட்கிழமை மூட்டை கட்டி ஊருக்கு வந்துவிடு, போதும் இந்தப் பம்பாய் என்றார் அவர். நாளைக்குப் பரீட்சை, அதை மட்டும் வந்து பாருங்கள், அப்புறம் நீங்கள் சொன்னபடி என்று கெஞ்சினான்.

ஞாயிற்றுக்கிழமை செம்பூர்க் குளக்கரையில் இன்னொரு சோதனை காத்திருந்தது. சிலிண்டரே கட்டியிராத புது ஆள் ஒருவரை அடிக்குக் கூட்டிப்போய்த் திரும்பக் கொண்டுவருவதுதான் பரீட்சை. அதற்கென்று ஏற்பாடாகியிருந்த மில் முதலாளியின் மருமகன், முந்தின நாள் விருந்தின் உபயத்தில், படுக்கையை விட்டு எழவில்லை. ஆள் இல்லாமல் பரீட்சை இல்லை, இன்னொரு ஞாயிறும் கிடையாது என்றார் ஸொராப்ஜி.

"அந்த ஆளு என்ன சொல்லுதாரு?" என்று கேட்டார் பிரம்மநாயகம். மகன் சொன்னான்.

அவர் துண்டை இடுப்பில் இறுக்கிக் கட்டினார். "நான் இறங்குதேன்னு சொல்லு. செத்தவனுக்கு என்ன பயம்."

ஸொராப்ஜி அவருடைய மீசையைப் பார்த்துவிட்டு, தண்ணீர் நிச்சயம் உள்ளே போகும் என்றார். பிறகு அவரே யோசித்தார். டிசம்பரில் வரப்போகிற பணக்காரர்களும் இப்படித்தான், சொன்ன பேச்சைக் கேட்கமாட்டார்கள், அவர்களைச் சமாளிக்கத்தானே லீடர் என்று தலையாட்டினார்.

"அப்பா, ஒண்ணே ஒண்ணு," என்றான் கணேசபாண்டியன், ஆளை அடியில் நிறுத்தும் ஈயப் பெல்ட்டை மாட்டிவிட்டுக்கொண்டே. "மேல வரும்போது மூச்சைப் பிடிக்காதீங்க. ஊதிக்கிட்டே வாங்க."

"ஏல, நீ பொறக்கதுக்கு முன்னால முங்குனவன் நான்."

அதுதான் அவனுக்குப் பயமாக இருந்தது.

ஏணியைப் பிடித்துப் படிப்படியாக இறங்கினார்கள். அடியில் நீலக் கல் பதித்த தரையில் பிரம்மநாயகம் உட்கார்ந்தார். குமிழி குமிழியாகக் காற்று அவர் தலைக்கு மேலே போனது. தண்ணீருக்கடியில் உட்கார்ந்து மூச்சு விடுகிறோம் என்பது உறைத்ததும், மகனைப் பார்த்துப் பெரிய வீட்டுக் கல்யாணத்தில் சம்மணம் போட்டவர் போலக் கையை விரித்தார். கணேசபாண்டியனுக்குச் சிரிப்பு வந்தது.

அப்போது மீசை தன் வேலையைக் காட்டியது. தண்ணீர் மூக்குக்கு ஏறியது, கண்ணுக்கு ஏறியது. குளோரின் எரிச்சலில் பிரம்மநாயகம் கண்ணை மூடிக்கொண்டார். மனிதருக்குக் கிணற்று ஞாபகம் வந்துவிட்டது. நெஞ்சு நிறையக் காற்றை இழுத்தார், கன்னத்தை உப்பி வாயை இறுக்கினார், தரையில் காலை உதைத்து மேலே பாய்ந்தார்.

கணேசபாண்டியன் பெல்ட்டைப் பிடித்துத் தொங்கினான். அவர் உதறினார். ஊதுங்கள் என்று சைகை காட்ட, கண்ணை மூடிய மனிதருக்கு என்ன சைகை. மேலே வெளிச்சம் நெருங்கிக்கொண்டே வந்தது. இசக்கி கொடுத்த தந்தி இப்போது உண்மையாகப் போகிறது, அதுவும் என் கையிலேயே என்று பட்டது அவனுக்கு. அவன் முஷ்டியை மடக்கி, பெற்ற தகப்பனின் வயிற்றில் குத்தினான்.

பெரிய குமிழி ஒன்று வெடித்துக்கொண்டு மேலே போனது. அதன் பின்னாலேயே இரண்டு பேரும் போனார்கள்.

கரையில் உட்கார்ந்து இருமி முடித்த பிறகு, பிரம்மநாயகம் மகனை ஓங்கி ஓர் அறை விட்டார். வழித்த கன்னத்தில் அது சுத்தமாக விழுந்தது. ஸொராப்ஜி எழுந்து நின்று கை தட்டினார். குத்துக்குத் தட்டினாரா அறைக்குத் தட்டினாரா என்று யாரும் கேட்கவில்லை. உள்ளே போய் கிளப் பெயர் தைத்த பனியனை எடுத்துவந்து கணேசபாண்டியனின் தோளில் போட்டார். லீடரின் அப்பாவுக்கு மால்வண் கப்பலில் ஓர் இடம் உண்டு என்றும் சொன்னார்.

குர்லாவில் ரயில் மாறினார்கள். உட்கார்ந்ததும் பிரம்மநாயகம் கேட்டார்.

"ஏன்ல குத்துன?"

"குத்தலைன்னா நீங்க இப்ப இங்க இருக்க மாட்டீக."

அவர் வயிற்றைத் தடவிக்கொண்டார். ஜன்னலுக்கு வெளியே உப்பளம் ஓடியது.

"அந்த மால்வண்ல மீனு தெரியுமா?"

"மூஞ்சிக்கு நேரா வந்து நிக்கும்ப்பா."

"எனக்கு ஒண்ணும் தெரியலையே. நாலு நீலக் கல்லு தெரிஞ்சுது. அப்புறம் தண்ணி ஏறிட்டுல்லா."

கணேசபாண்டியன் அவர் மீசையைப் பார்த்தான். சொன்னால் இன்னொரு அறை விழும்.

மறுநாள் காலை மூட்டை கட்டுவதைப் பற்றி அப்பா வாயே திறக்கவில்லை. சட்டையைப் போட்டுக்கொண்டு நேரே வெயிலுமுத்து சலூனுக்குப் போனார். கணேசபாண்டியன் பனியனோடு பின்னாலேயே ஓடினான். அவர் நாற்காலியில் சாய்ந்து, மேலுதட்டை விரலால் தொட்டுக் காட்டினார்.

வெயிலுமுத்து கத்தியைத் தீட்டிவிட்டு நின்றான். "அண்ணாச்சி, கேக்காம வைக்க மாட்டேன். யாரு தவறிட்டா?"

பிரம்மநாயகம் கண்ணாடியில் தெரிந்த மகனைப் பார்த்தார்.

"நான்தான்," என்றார். "தந்தியே வந்துட்டு. நீ வழி."