எழுபது டிகிரி

பன்னிரண்டு தகடுகளில் மூன்றைக் குண்டு துளைத்துக்கொண்டு போயிருந்தது. சோதனைக்கூடப் பொறியாளரான அவள், தகட்டுக்குப் பின்னால் அப்பியிருந்த களிமண்ணில் விரலை விட்டுப் பார்த்தாள். முழு விரலும் உள்ளே போனது. சண்டையில் அந்தக் களிமண் இருக்கும் இடத்தில் ஒரு நெஞ்சு இருக்கும்.

ராணுவமும் பல்கலைக்கழகமும் கூட்டாகச் செய்த மார்புக் கவசம் அது. முன்னால் பீங்கான், பின்னால் இழைப் பலகை, இரண்டையும் பிடித்து வைக்க நடுவில் பசை. சாதாரண அறை வெப்பத்தில் சுட்டபோது ஒன்றுகூடத் தோற்கவில்லை. ஆனால் சிப்பாயாக இருக்கும் அவள் தம்பி, ஒருநாள் போனில் பேச்சுவாக்கில் ஒன்று சொல்லியிருந்தான். கவசத்தையெல்லாம் லாரியில்தான் போட்டு வைப்பார்களாம். மத்தியான வெயிலில் தொட்டால் கை வெந்துவிடுமாம். அது அவள் மனதை அரித்துக்கொண்டே இருந்தது. யாரையும் கேட்காமல் பன்னிரண்டு தகடுகளை எழுபது டிகிரி அடுப்பில் ஆறு மணி நேரம் வைத்து எடுத்துச் சுட்டாள். பசை இளகி, பீங்கான் பலகையை விட்டுக் கழன்றுகொண்டது.

துறைத்தலைவருக்கு மாணவர்கள் வைத்த பெயர் ‘ரிப்பன்’. ஒரு தண்ணீர்க் குழாயைக்கூட ரிப்பன் வெட்டாமல் திறக்க மாட்டார். இன்னும் ஐந்தே நாளில், கூட்டு ஆய்வின் அடுத்த கட்டத்துக்கு ராணுவ அதிகாரிகள் கையெழுத்துப் போட வருகிறார்கள். கையெழுத்தானால் துறைக்குப் புதுக் கட்டடம். அவர் அவளுடைய அறிக்கையைப் புரட்டினார். வெப்பச் சோதனை இருந்த நாலு பக்கங்களையும் நிதானமாக உருவித் தன் மேசை இழுப்பறைக்குள் போட்டார்.

“ஒப்பந்தத்துல அறை வெப்பம்னுதானே இருக்கு? கேக்காத கேள்விக்கு நாம எதுக்கும்மா பதில் சொல்லணும்?”

“சண்டை அறைக்குள்ளயா சார் நடக்குது?”

அவர் சிரித்தார். அந்தச் சிரிப்பைப் பார்த்ததும் அவளுக்குக் கோபம் பற்றிக்கொண்டு வந்தது. பசையை அடுத்த கட்டத்தில் பார்த்துக்கொள்ளலாம், இப்போது கையெழுத்தைப் போடு என்றார். மாட்டேன் என்றாள். அப்படியானால் தானே போட்டுக்கொள்வதாகச் சொல்லிப் பேனாவின் மூடியைத் திருகினார். ஏதோ தபாலுக்குக் கையெழுத்துப் போடுகிற மாதிரி.

வீட்டுக்கு வந்து தம்பிக்குப் போன் போட்டாள். அவனாவது தன் பக்கம் கொதிப்பான் என்று நினைத்தாள். அவன் முழுவதையும் கேட்டுக்கொண்டான்.

“அக்கா, இப்ப நான் போட்டிருக்கறது இதைவிட மோசம். அது வெயில்லயும் நிக்காது, நிழல்லயும் நிக்காது. நீ இதை நிறுத்திட்டா எங்களுக்குப் புதுசு எப்ப வரும்? ஒரு வருஷமா, ரெண்டு வருஷமா?”

“மூணு தகடு ஓட்டையாச்சுடா.”

“ஒம்பது நின்னுச்சே.”

அவள் போனை வைத்துவிட்டாள். ரிப்பன் மீது இருந்த கோபம் இப்போது இரட்டிப்பாகியது. நாலில் மூன்று போதும் என்று ஒருவன் தன் உயிருக்கே பேரம் பேசுகிற நிலைக்கு வந்திருக்கிறான். அதில் இந்த மனிதருக்குக் கட்டடம் கேட்கிறது. புதுசு எப்போது வரும் என்று தம்பி கேட்டதும் நியாயம்தான். அது வேறு நெஞ்சில் முள்ளாகக் குத்தியது.

கையெழுத்து நாளன்று அவளுக்கு அழைப்பில்லை. துளைபட்ட தகட்டை ஒரு துணிப்பையில் போட்டுக்கொண்டு கூட்ட அறைக்குள் நேராக நுழைந்தாள். தலைவர் பேசிக்கொண்டிருந்தார். வந்திருந்தவர்களில் மூத்தவர் ஒரு கர்னல்; தளவாடங்களுக்குப் பொறுப்பானவர். அவர் முன்னால் தகட்டை வைத்தாள்.

“சார், இது எழுபது டிகிரியில இருந்தது. உங்க லாரிக்குள்ள எத்தனை டிகிரி இருக்கும்னு உங்களுக்குத் தெரியும்.”

அவளுக்கு வேலைப்பளு, உடம்பு சரியில்லை என்று தலைவர் பூசி மெழுகப் பார்த்தார். கர்னல் அவரைத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. ஓட்டை வழியாக மேசையின் மரம் தெரிந்தது. அதையே பார்த்துக்கொண்டிருந்தவர், “இது ஏன் அறிக்கையில இல்ல?” என்று மட்டும் கேட்டார்.

தலைவரின் இழுப்பறையில் நாலு பக்கம் இருக்கிறது என்று அவள் சொன்னாள்.

அன்று கையெழுத்தாகவில்லை. பசையை மாற்றி, ராணுவக் கூடத்தில் சோதித்து முடிக்க எட்டு மாதம் ஆனது. அதற்குள் அவளைச் சோதனைக்கூடத்திலிருந்து தூக்கி, முதலாண்டு மாணவர்களுக்கு கம்பியின் தடிமன் அளக்கும் ஸ்குரூ கேஜைப் பிடிக்கக் கற்றுக்கொடுக்கும் வேலையில் போட்டார்கள். அந்த எட்டு மாதமும் தம்பி பழைய கவசத்தோடுதான் ரோந்து போனான். முதல் இரண்டு மாதம் அவளோடு பேசவே இல்லை. போன் மணி அடிக்கும்போதெல்லாம் ஓடிப்போய் எடுத்தாள். அவனுக்கு ஏதாவது ஆகியிருந்தால் அவள் தன்னையே மன்னித்திருக்க மாட்டாள். அவனுக்கு ஒன்றும் ஆகவில்லை. அவனுடைய படைப்பிரிவில் இன்னொருவனுக்கு ஆனது. பசை மாற்றாத அந்தப் புதுத் தகடு அவனைக் காப்பாற்றியிருக்குமா, அன்று வெயில் எவ்வளவு என்று அவள் கேட்கவில்லை. கேட்கத் துணிவில்லை.

கடைசியில் கையெழுத்தும் ஆனது, கட்டடமும் எழுந்தது. தலைவரே ரிப்பன் வெட்டினார். ‘வெப்பத்திலும் நிலைக்கும் கவசம்’ என்று தன் முன்யோசனையைப் பற்றி ஒலிபெருக்கியில் அரை மணி நேரம் பேசினார். பின்வரிசையில் நின்று கேட்ட அவளுக்குக் காது மடல் வரை சூடேறியது.

அடுத்த வாரம் தாழ்வாரத்தில் அவரே அவளை நிறுத்தினார். ராணுவம் இப்போது ஒவ்வொரு தொகுதித் தகடுகளுக்கும் வெப்பச் சோதனை கேட்கிறதாம். துறையில் அதைச் செய்யத் தெரிந்தவர் வேறு யாரும் இல்லையாம்.

“பழசையெல்லாம் மனசுல வெச்சுக்காதம்மா. நாளைக்கே வந்துடு.”

“வரேன் சார். அறிக்கையில எந்தப் பக்கத்தையும் என்னைக் கேக்காம எடுக்க மாட்டேன்னு எழுதிக் குடுங்க. கர்னலுக்கு ஒரு நகல் அனுப்பிட்டு வரேன்.”

அவர் முகம் சுண்டிப்போனது. ஏதோ சொல்ல வாயெடுத்தவர், தாழ்வாரத்தில் மாணவர்கள் நிற்பதைப் பார்த்து மென்று விழுங்கினார். அவள் காத்திருக்கவில்லை. வகுப்புக்கு மணி அடித்திருந்தது.

மூன்றாம் நாள் காலை அந்தக் கடிதம் அவள் மேசைக்கு வந்தது. இரண்டு முறை படித்தாள். கோபம் ஒரு துளியும் குறையவில்லை. கர்னலுக்கு நகலை அனுப்பிவிட்டு, அதைப் பையில் வைத்துக்கொண்டு சோதனைக்கூடத்துக்குப் போய் அடுப்பை எழுபது டிகிரிக்கு ஏற்றினாள்.