இரண்டாவது தரையிறக்கம்

1996ஆம் ஆண்டு யூன் மாதம், ஜெர்மனியின் ஹம் நகருக்கு வெளியேயுள்ள புல்வெளி ஓடுபாதையில், என்னோடு தொழிற்சாலையில் பணிபுரியும் ஹெல்முட், ஆறு ஆண்டுகளாகத் தாமே கட்டிய ஒற்றை இருக்கை விமானத்தை முதன்முறையாகப் பறக்கவிட்டார். அதன் சக்கரத் தாங்கிகளை வெல்டிங் செய்தவன் நான். தொழிற்சாலையில் நான் போத்தல்களை அடுக்குபவன். சனிக்கிழமைகளில் மாத்திரமே வெல்டர்.

முதல் தரையிறக்கம் குறைவின்றி நிறைவேறியது. எனினும் அதைப் படம்பிடித்த எமிலுக்குத் திருப்தியில்லை. எமில் இங்குள்ள தமிழரான நம்மவரின் திருமணங்களையும் முதல் நன்மை விழாக்களையும் வீடியோ எடுப்பவர். அவர் கேட்டுக்கொண்டால் மாப்பிள்ளை மீண்டும் தாலி கட்டுவார். குருவானவரும் காத்து நிற்பார்.

“சில்வெஸ்டர் அண்ணை, முகம் படத்தில விழேல்லை. இன்னொருக்கா இறங்கச் சொல்லுங்கோ. இறங்கேக்க கமராவைப் பாத்துச் சிரிக்கவும் சொல்லுங்கோ.”

நான் அதனை ஜெர்மன் மொழியில் பிழையற எடுத்துரைத்தேன். ஹெல்முட் தயங்கினார். வீடியோக்காரர் கேட்டால் மறுப்பது நம்மவரிடையே வழக்கமில்லை என்று விளக்கினேன். அவர் மரியாதை அறிந்தவர், மறுபடியும் மேலெழுந்தார்.

இம்முறை விமானம் தரைக்கு இரண்டு மீற்றர் உயரத்தில் பறப்பதை நிறுத்திவிட்டு விழுந்தது. இடது தாங்கி ஒடிந்தது. இறக்கை புல்லை உழுதது. ஹெல்முட்டின் மணிக்கட்டு முறிந்தது.

மறுவாரம் விமான விபத்துப் பரிசோதகரான அம்மையார் ஒருவர் வந்தார். ஒடிவு எனது வெல்டிங்கிலிருந்து ஒரு விரலளவு தூரத்தில் இருந்தது. அவர் அந்த விரலளவை நெடுநேரம் நோக்கினார். பிழை வெல்டிங்கினுடையது என்று பதிவானால், இனி நான் எந்த விமானத்திலும் கை வைக்க இயலாது.

பின்னர் எமிலின் ஒளிநாடாவைப் போட்டுப் பார்த்தோம். அதில் சக்கரமும் இல்லை, தரையும் இல்லை. திரை முழுவதும் ஹெல்முட்டின் முகமே இருந்தது. அது பக்கவாட்டில் திரும்பிச் சிரித்தது. பின்னர் கீழ்நோக்கி மறைந்தது.

“இவர் ஏன் சிரிக்கிறார்?” என்று அம்மையார் கேட்டார்.

ஹெல்முட் என்னைக் காட்டிக்கொடுக்க விரும்பாமல் கூரையைப் பார்த்துக்கொண்டிருந்தார். நான் வாய் திறவாவிடில் மொழிபெயர்ப்பாளன் தப்புவான், வெல்டர் தப்பமாட்டான்.

“நான்தான் சிரிக்கச் சொன்னேன்” என்றேன்.

அம்மையார் ஒளிநாடாவை இருமுறை பின்னோக்கி ஓட்டிப் பார்த்தார். அதன்பின் எழுதினார்: வெல்டிங்கில் குறையில்லை, விமானி ஓடுபாதையை நோக்கவில்லை.

அடுத்த சனிக்கிழமை நான் புதிய தாங்கிக்கான குழாயை அறுத்தேன். பறக்கும் நாட்களில் நான் திடலில் மொழிபெயர்க்கலாகாது என்று ஹெல்முட்டின் விமானக் கழகம் தீர்மானம் நிறைவேற்றியது. அத்தீர்மானத்தை எமிலுக்கு விளக்கும் பொறுப்பும் எனக்கே வழங்கப்பட்டது.